மரத்தடியில் நிறுத்தும் வண்டி: பிசின், பால், பிசுபிசுப்பு, எதுக்கு எது போடணும்?

கொழிஞ்சாம்பாறை_பஃபிங்

மாம்பூ எடுக்க ஆரம்பிச்சாச்சு. இனி மார்ச் வரைக்கும் பாலக்காடு மாவட்டத்துல கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் பக்கத்து வண்டிகளைத் தொட்டா கை ஒட்டும். அப்பறம் எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "மரத்துப் பிசின் போக என்னங்க போடறது?"

அதுக்கு ஒரே பதில் கிடையாதுங்க. மேல இருந்து விழறது நாலு வகை. ஒண்ணுக்கு மருந்தா இருக்கறது இன்னொண்ணுக்கு ஒண்ணும் பண்ணாது, சிலதுக்குக் கேடும் பண்ணும்.

முதல் வகை, பூச்சி கழிக்கற தேன் துளி. மாமரத்துல தத்துப்பூச்சி, தென்னையில வெள்ளை ஈ. மரத்துச் சாறை உறிஞ்சிட்டு மிச்ச சர்க்கரையை அப்படியே கீழ விடும். கண்ணாடியில பனி தெளிச்ச மாதிரி பொடிப் பொடிப் புள்ளியாத் தெரியறது இதுதான். நம்ம பக்கம் "பிசின்"னு சொல்றதுல முக்கால்வாசி இதாத்தான் இருக்கும்.

ரெண்டாவது, அசல் பிசின். வேம்பு, முருங்கை, கருவேலம். தண்ணியில ஊறும், கொழகொழன்னு ஆகும்.

மூணாவது, எண்ணெய்ப் பசை உள்ள சாறு. மாங்காய்க் காம்பு ஒடியறப்போ பீச்சற சொணை, மட்டி மரத்துப் பால், முந்திரிக் கொட்டைத் தோலோட எண்ணெய். தண்ணிக்கு மசியாது.

நாலாவது, பால். பலா, ரப்பர், ஆல், அத்தி. காஞ்சா இழுபடும்.

கண்டுபிடிக்க விரல்ல ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு அந்தப் புள்ளி மேல வெச்சு இருபது எண்ணுங்க. கரைஞ்சு போச்சுன்னா தேன் துளி. வழவழன்னு ஊதிச்சுன்னா பிசின். ஒண்ணுமே ஆகலைன்னா சாறு. நகத்தால ஓரத்தைத் தூக்கினா ரப்பர் மாதிரி நீண்டு வந்தா பால். இதைப் பாக்காம எந்த பாட்டிலையும் திறக்காதீங்க.

வாளையார்_டிரைவர்

அண்ணா, இத்தனை ஆராய்ச்சி எதுக்கு. துணியில பெட்ரோல் நனைச்சு ஒரு இழுப்பு, எல்லாம் போயிடும். லைன் வண்டிங்க எல்லாம் அப்படித்தான்.

கொழிஞ்சாம்பாறை_பஃபிங்

போறதில்லைங்க, தேய்ஞ்சு போகுது. சர்க்கரை பெட்ரோல்ல கரையாது. நீங்க துடைக்கறப்போ அது போறது அழுத்தித் தேய்க்கறதால. அந்தத் துளி மேல ஒட்டியிருக்கற ரோட்டுப் புழுதியும் சேந்து உருளும். வெள்ளை வண்டியில தெரியாது. கறுப்பு, கருநீல வண்டியை சாயங்கால வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி கோடு கோடாத் தெரியும்.

இன்னும் மூணு சங்கதி. பெட்ரோல் மெழுகை முழுசா உரிச்சிடும், அடுத்த துளி நேரா க்ளியர் கோட் (கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத பூச்சு) மேல விழும். ஹெட்லைட் மேல பட்டா அந்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குல பொடிப் பொடியா விரிசல் விடும், அதுக்கு பாலிஷும் கிடையாது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் ஊதிப் போகும். இஞ்சின் சூடா இருக்கறப்போ பானட் மேல பெட்ரோல் துணி வெக்கறதைப் பத்தி நான் சொல்லத் தேவையில்லை.

தின்னர் வேண்டவே வேண்டாம். கம்பெனி பெயின்ட்டுல கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். பட்டறையில பட்டி பாத்து அடிச்ச பேனலா இருந்தா பெயின்ட் கலரே துணியில வந்துடும்.

முதலமடை_மாந்தோப்பு

தேன் துளிக்கு ஒரு வார்த்தை சேத்துக்கறேன். தத்துப்பூச்சி பூங்கொத்துலதான் கூட்டமா உக்காரும். பூ இருக்கற வரைக்கும் கொட்டும், பிஞ்சு கட்டிட்டா குறையும். மரத்தடியில நிறுத்தாம பத்தடி தள்ளி நிறுத்தினா போதும்னு நினைக்கறாங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாயில காத்து கிழக்கிருந்து மேக்கே விசையா அடிக்கும். துளி அத்தனையும் மரத்துக்கு மேக்குப் பக்கம்தான் இறங்கும். அந்த மாசங்கள்ல மரத்துக்குக் கிழக்கே நிறுத்துங்க. மரத்துக்குப் பக்கத்துல இருந்தாலும் வண்டியில துளி குறைவாத்தான் விழும்.

பூ சமயத்துல சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூள் அடிப்பாங்க. பக்கத்துத் தோப்புல ஸ்பிரேயர் சத்தம் கேட்டா வண்டியை நகத்தீடுங்க. அந்தத் தூள் தேன் துளி மேல படிஞ்சா மஞ்சளா ஒட்டும். அதை உலர் துணியால துடைச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். தண்ணி அடிச்சு ஓட விடணும்.

எறும்பும் வரும். துளி ஒட்டின வண்டிக்கு ராத்திரியிலேயே வரிசை கட்டும். கதவு ஓரத்து ரப்பருக்குள்ள கூடு கட்டாம பாத்துக்கங்க.

மீனாட்சிபுரம்_தென்னை

எங்க பக்கம் மாமரத்தை விட தென்னைதான் பாடு. சுருள் வெள்ளை ஈ இந்தியாவுல முதல்ல தென்பட்டது 2016ல, பொள்ளாச்சி, பாலக்காடு தென்னையிலதான். அதுக்கு முன்னாடி தென்னை மரத்தடியில நிறுத்தினா தேங்காய், மட்டை விழும்னுதான் பயம். இப்ப பிசுபிசுப்பு.

அதுலயும் பெரிய தொல்லை பின்னாடி வர கரும்பூசணம். தேன் துளி விழுந்து நாலஞ்சு நாள் கழுவாம விட்டா அதும் மேல கறுப்பா படலம் வளரும். ரூஃப், கண்ணாடி ஓரம், கறுப்பு பிளாஸ்டிக் பட்டை எல்லாம் புகை பிடிச்ச மாதிரி ஆகும். பூசணம் பெயின்ட்டைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். அதனால அடியில இருக்கற சர்க்கரையைக் கரைச்சா கறுப்பும் கூடவே கழண்டு வந்துடும். கறுப்பைத் தேய்ச்சு எடுக்கப் போறவங்கதான் பெயின்ட்டைக் கெடுக்கறாங்க.

நான் சொல்ற முறை: நிழல்ல நிறுத்தி பேனல் கைக்குக் குளிர்ச்சியா இருக்கணும். கை பொறுக்கற சூட்டுல பத்து லிட்டர் தண்ணி, அதுல 30 மில்லி கார் ஷாம்பு. பழைய துண்டு ரெண்டை அதுல முக்கிப் பிழியாம ரூஃப் மேலயும் பானட் மேலயும் போத்தி விடுங்க, அஞ்சு நிமிஷம். துண்டை இழுக்காதீங்க, மேல தூக்கி எடுங்க. அப்பறம் ஹோஸ் தண்ணி. முக்கால்வாசி போயிருக்கும். மிச்சத்துக்கு இன்னொரு தடவை அதே. பாத்திரம் விளக்கற ஜெல் போட்டா சீக்கிரம் போகும்கறது நிஜம்தான், ஆனா மெழுகும் கூடப் போயிடும்.

மரத்துக்கு மருந்து அடிச்சு ஈயைக் கொல்லலாம்னு போகாதீங்க. அதைத் தின்னற ஒட்டுண்ணிக் குளவியும் செத்துப் போகும், அடுத்த மாசம் ஈ ரெட்டிப்பா வரும். ஓலையில இருக்கற கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் மைதா கஞ்சி தெளிச்சா காஞ்சு பொரைபொரையா உதிரும். அதைத் தெளிக்கற அன்னிக்கு வண்டி அடியில இருக்கக் கூடாது, சொல்லீட்டேன்.

வாளையார்_டிரைவர்

சரிங்க, தண்ணிக்குப் போறது போகட்டும். மாங்காய் சொணை சொட்டி ஒரு வாரம் வெயில்ல காஞ்சு பானட்ல மஞ்சக் கண்ணாடி மணி மாதிரி உக்காந்திருக்கு. இதுக்கு?

கொழிஞ்சாம்பாறை_பஃபிங்

அது மூணாவது வகை. இதுக்குத்தான் ஸ்பிரிட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்னு கேளுங்க, மெடிக்கல்ல இல்லைன்னா போர்டு சுத்தம் பண்ண வெச்சிருக்கற எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும். தண்ணி கலக்காத சுத்த ஸ்பிரிட்டா இருந்தா சரிபாதி தண்ணி கலந்துக்கங்க. 

காலையில, பேனல் ஆறினப்போ. முதல்ல அந்த இடத்தை ஷாம்பு தண்ணியில கழுவி மண் இல்லாம பண்ணீடுங்க. அப்பறம் கதவு உள்பக்க ஓரம் மாதிரி கண்ணுக்குப் படாத இடத்துல ஒரு சொட்டு வெச்சு வெள்ளைத் துணியால ஒத்திப் பாருங்க. துணியில கலர் வந்தா நிறுத்துங்க, அது பட்டறை பெயின்ட். வரலைன்னா, காசளவு பஞ்சை நனைச்சு மணி மேல வெச்சு அறுபது எண்ணுங்க. பஞ்சை எடுத்தா மணியோட மேல்தோல் மட்டும் மங்கி ஜெல்லி மாதிரி ஆகியிருக்கும். அதை மட்டும் மைக்ரோஃபைபர் துணி நுனியால ஒத்தி எடுக்கணும், ஓரத்துல இருந்து நடுவை நோக்கி. புதுப் பஞ்சு, மறுபடி அறுபது. நாலஞ்சு தடவை ஆகும். ஒவ்வொரு தடவையும் மணி ஒரு சுத்து சின்னதாகும். ஒரே தடவையில போகணும்னு அழுத்தினா இறுகின நடுத்துண்டு பிரிஞ்சு பெயின்ட் மேல உருளும். கோடு விழறது அங்கதான்.

ஸ்பிரிட் அங்கேயே காய விடாதீங்க. முடிஞ்சதும் கழுவி, துடைச்சு, அந்தக் கையகல இடத்துக்கு மெழுகு போட்டே ஆகணும். பழசு ஸ்பிரிட்டோட போயிருக்கும்.

கதவு மாதிரி செங்குத்தான இடத்துல பஞ்சு நிக்காது. அதுக்கு கை சானிடைசர் ஜெல் நல்லா வேலை செய்யும், வழியாம ஒட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல விடவேண்டாம்.

டர்பென்டைன், மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 எல்லாமும் இதைக் கரைக்கும். மூணும் எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், ஷாம்பு போட்டுக் கழுவலைன்னா அரை நாள்ல புழுதியை இழுத்துக்கும்.

பட்டறையில அடிச்சு 30 நாள் ஆகாத பேனலுக்கு ஸ்பிரிட்டும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். வெந்நீர்த் துண்டோட நிறுத்திக்கங்க.

வேலந்தாவளம்_வெள்ளைக்கார்

ஐஸ்கட்டி வெச்சா மணி உறைஞ்சு டக்குனு உடையும்னு பாத்தேனே?

கொழிஞ்சாம்பாறை_பஃபிங்

உருண்டையா தடிச்சதுக்கு உதவும். பாலிதீன் பையில போட்டு ரெண்டு நிமிஷம் வெச்சு பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக்கால படுக்க வெச்சுத் தள்ளணும். மேல்பாதி பிரியும், அடிப்பாதிக்கு ஸ்பிரிட்தான். பங்குனி, சித்திரை மதிய வெயில்ல நின்ன கறுப்பு பானட் 60, 70 டிகிரி இருக்கும். அது மேல ஐஸ் வெச்சா பழைய பட்டி கீறல் விட்டுடும். நிழல்ல ஒரு மணி நேரம் ஆறட்டும்.

குலசேகரம்_ரப்பர்

குமரி மாவட்டத்திலிருந்து. நாலாவது வகை எங்களுக்கு அன்றாடம், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் ஒரு தப்பு எண்ணம். ரப்பர் மரத்தடியில் நிறுத்தினால் மேலிருந்து பால் சொட்டாது. பால் வெட்டுப்பட்ட பட்டையில் மட்டும்தான் வரும். வண்டியில் படுவது கிளை ஒடிந்தபோதும், பால் கொண்டு போகும் வாளி, கேன் தளும்பியபோதும்தான். தளும்பிய பால் வெள்ளையாக ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே தண்ணீர்தான். ஒரு மணி நேரம் தாண்டினால் கதை வேறு.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம். உப்புத்தண்ணீர்க் கறைக்கு வினிகர் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. பாலின் மேல் வினிகர் பட்டால் அந்த நிமிடமே உறைந்துவிடும். ரப்பர் ஷீட் அடிக்க நாங்கள் பாலில் ஆசிட் விட்டு உறைய வைப்பது இதே கணக்குதான். எலுமிச்சையும் வேண்டாம்.

உறைந்து காய்ந்த ரப்பர் பாலை எதுவும் போட்டுக் கரைக்க வேண்டாம். முழுசாகக் காய விடுங்கள். ஓரத்தில் விரல் நுனியால் உருட்டினால் ஒரு முனை கிளம்பும். அதைப் பிடித்து, மேல் நோக்கி இழுக்காமல் பேனலோடு படுக்கையாக மெதுவாக இழுத்தால் தோல் உரிகிற மாதிரி ஒரே துண்டாக வரும். மெழுகு போட்ட வண்டியில் அரை நிமிட வேலை. போடாத வண்டியில் அங்கங்கே அறுந்து நிற்கும், அதற்கு மட்டும் டர்பென்டைன் தொட்ட துணி.

மழைக்கு முன்னால் மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டும்போது தார்ப்பசை பூசுவோம். அது உருகி வண்டியில் பட்டால் அது மரத்துக் கறையே அல்ல, தார். மண்ணெண்ணெய் நனைத்த துணி இரண்டு நிமிடம் மேலே கிடக்கட்டும், ஒத்தி எடுங்கள்.

பலாவுக்கு மருந்து எல்லா வீட்டிலும் இருக்கிறது. சக்கை (பலாப்பழம்) வெட்டும் முன் கையிலும் கத்தியிலும் என்ன தடவுகிறோம்? அதே தேங்காய் எண்ணெய்தான். சக்கைப் பால் காய்ந்த இடத்தில் பத்து சொட்டு விட்டு கால் மணி நேரம் விடுங்கள். இளகிக் குழையும்போது துணியால் சுருட்டி எடுத்துவிட்டு, இரண்டு முறை ஷாம்பு. ஸ்பிரிட்டை விட இது பெயின்ட்டுக்குச் சாது. நேரம்தான் எடுக்கும்.

முதலமடை_மாந்தோப்பு

தேங்காய் எண்ணெய் காஞ்ச சொணைக்கும் கொஞ்சம் கேக்கும் அண்ணே. ராத்திரி தடவி விட்டா காலையில ஸ்பிரிட் வேலை பாதியாகும்.

பொள்ளாச்சி_டீடெய்ல்

எடுத்த பின்னாடி நிக்கற வடுவைப் பத்தி யாரும் சொல்லலை. சொணை காய்றப்போ சுருங்கும். வெயில்ல க்ளியர் கோட் இளகியிருக்கறப்போ அது சுருங்கினா அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே சுருங்கும். அதனாலதான் மணி போன இடத்துல வளையம் மாதிரி தடம்.

நகத்தை குறுக்க ஓட்டிப் பாருங்க. தட்டலைன்னா மேலோட்டம். ஃபினிஷிங் பாலிஷை நுரைப் பேடுல பட்டாணி அளவு மூணு சொட்டு வெச்சு கையாலேயே முன்னும் பின்னும் இருபது, முப்பது தடவை ஓட்டினா மறையும். லேசா தட்டினா முதல்ல க்ளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்கற களிமண் மாதிரிக் கட்டி), அப்பறம் காம்பவுண்ட் (பெயின்ட்டை லேசா அரைக்கற பசை), அப்பறம் பாலிஷ். க்ளேயை கால்பங்கு கிள்ளி தட்டையாக்கி, ஷாம்பு தண்ணி தாராளமா தெளிச்சு, எடையே போடாம நேர்கோட்டுல ஓட்டணும். சொரசொரப்பு நின்னு வழுக்கினா போதும். கீழ விழுந்த க்ளேயைத் தூக்கிப் போட்டுடுங்க, கழுவி எடுத்தாலும் மண் உள்ள இருக்கும்.

நகம் நல்லா மாட்டுச்சுன்னா அங்க நிறுத்தணும். கம்பெனி பெயின்ட் மொத்தமே ஏறக்குறைய 100ல இருந்து 140 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதுல மேல் க்ளியர் கோட் 40, 50. ஒரு தடவை காம்பவுண்ட் ஓட்டினா ரெண்டு மூணு மைக்ரான் போகும். பள்ளத்தோட அடி வரைக்கும் இறக்கணும்னு போனா வெயிலைத் தாங்கற பாகம் மெலிஞ்சு ரெண்டு வருஷத்துல அந்த இடம் மட்டும் வெளுத்து உரியும். பாதி மறைஞ்சா போதும்னு விடறதுதான் நல்ல வேலை. இதுக்கு கஸ்டமர் ஒத்துக்கறதில்லை, அது வேற விஷயம்.

மிஷின் ஓட்டறதுக்கு முன்னாடி மைக்ரான் மீட்டர் (பெயின்ட் கெட்டியை அளக்கற கருவி) வெக்காத கடையில வண்டியை விடாதீங்க. 200க்கு மேல காட்டினா மறுபடி பெயின்ட் அடிச்சிருக்கலாம், அடியில பட்டியும் இருக்கலாம்.

வேலந்தாவளம்_வெள்ளைக்கார்

செராமிக் கோட்டிங் போட்டா இதெல்லாம் ஒட்டவே ஒட்டாதுங்கறாங்களே.

பொள்ளாச்சி_டீடெய்ல்

விக்கறவங்க சொல்றது. ஒட்டும். ஆனா சீக்கிரம் கழறும், ஸ்பிரிட் பட்டா மெழுகு மாதிரி போயிடாது. சொணை ரெண்டு நாள் வெயில்ல கிடந்தா செராமிக்லயும் தடம் விழும். கோட்டிங் கெட்டி மைக்ரான் கணக்குல ஒண்ணு, ரெண்டுதான்.

கார்னோபா மெழுகு நம்ம வெயில், மழைக்கு நாலுல இருந்து ஆறு வாரம். சீலன்ட் (மெழுகுக்குப் பதிலாப் போடற செயற்கைப் பூச்சு) மூணு மாசத்துக்கு மேல. செலவு பாத்து போடறவங்களுக்கு கார்த்திகை முதல் வாரம் ஒரு சீலன்ட், தை கடைசியில இன்னொண்ணு. பூ, பிஞ்சு ரெண்டு காலமும் தாண்டீடும். ரூஃப், பானட், டிக்கி மூணு போதும், கதவுக்குப் பெரிசா தேவையில்லை. செராமிக் போடறதா இருந்தா இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில திறந்த ஷெட்டுல போட வேண்டாம். ஈரக் காத்துல கோட்டிங் சீக்கிரம் இறுகி, துடைக்கறதுக்குள்ள திட்டுத் திட்டா நின்னுடும். அப்பறம் காம்பவுண்ட் போட்டுத்தான் எடுக்கணும்.

பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க மேல ஒட்டற பிளாஸ்டிக்) படம் 150ல இருந்து 200 மைக்ரான் இருக்கும். பெயின்ட் தப்பிச்சுக்கும், கறை படத்துல நிக்கும். அதும் மேல ஸ்பிரிட் போடறதுக்கு முன்னாடி ஓரத்துல சோதிச்சுப் பாருங்க, டர்பென்டைன் பக்கமே போகவேண்டாம். ஓரம் கிளம்பும்.

வாளையார்_டிரைவர்

கவர் போட்டு மூடினா முடிஞ்சுதுல்ல?

மீனாட்சிபுரம்_தென்னை

துணிக் கவரா இருந்தா தேன் துளி ஊறி உள்ள இறங்கி கவரே பெயின்ட்டோட ஒட்டும். பிளாஸ்டிக் கவர் வெயில்ல வேர்த்து அடியில ஈரம் நிக்கும், மழைக்காலத்துல ரெண்டு நாள் விட்டா பூசண வாடை. ரெண்டுலயும் முக்கியமான தப்பு, அழுக்கு வண்டி மேல கவர் போடறது. நம்ம கணவாய்க் காத்துல கவர் ராத்திரி பூராம் படபடன்னு அடிச்சு அடியில இருக்கற மண்ணை அரைக்கும். போட்டாகணும்னா கழுவி உலத்திட்டு, உள்பக்கம் மெத்துனு இருக்கற கவர், நாலு சக்கரத்துலயும் கயிறு கட்டி.

பச்சை நெட் கட்டினா நிழல் கிடைக்கும், துளி வடியும். ஓலைக் கொட்டகைன்னா முதல் மழைக்கு ஓலையில இருந்து டீத்தண்ணி மாதிரி செம்பழுப்பா சொட்டும், வெள்ளை வண்டிக்கு அதும் கறைதான். ஜிஐ பைப் நாலு நட்டு மேல ஷீட் போட்டு, மேக்கே சரிவு விடுங்க. அதுதான் நிக்கும்.

முதலமடை_மாந்தோப்பு

பாலக்காட்டுச் சித்தூர் கிழக்குப் பக்கம் போர்த்தண்ணி உப்பு ஜாஸ்தி. கழுவிட்டு அப்படியே காய விட்டா வெள்ளைப் புள்ளி நிக்கும், அதையும் பிசின்னு நினைச்சு தேய்க்கறாங்க. உடனே துடைங்க. நின்னு போச்சுன்னா வினிகர் ஒரு பங்கு, தண்ணி பத்து பங்கு, துணியில ஒரு நிமிஷம். குலசேகரம் அண்ணன் சொன்ன ரப்பர் பால் வண்டியில இல்லைன்னு பாத்துக்கங்க.

வேலந்தாவளம்_வெள்ளைக்கார்

முன் கண்ணாடியில காஞ்சதுக்கு? வைப்பர் போட்டா இழுவிக்குது.

கொழிஞ்சாம்பாறை_பஃபிங்

வைப்பரைப் போடவே கூடாதுங்க, பசை ரப்பர்ல ஏறினா அப்பறம் எப்பவும் இழுவும். கண்ணாடிக்கு ஷாம்பு தண்ணி வழிய வழிய தெளிச்சு, புது பிளேடை முப்பது டிகிரி சாய்ச்சு ஒரே திசையில தள்ளுங்க. திரும்ப இழுக்காதீங்க. பின் கண்ணாடி உள்பக்கம் சூடேத்தற கம்பி ஓடும், அங்க பிளேடு ஆகாது. வைப்பர் ரப்பரை ஸ்பிரிட் தொட்ட துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

பானட் திறந்தா கண்ணாடிக்குக் கீழ பிளாஸ்டிக் தட்டு இருக்கும் பாருங்க. புளிய இலை, வேப்பிலை பொடிசா இருக்கறதால சல்லடைக்குள்ள இறங்கும். தேன் துளியோட சேந்து மெத்தை மாதிரி கட்டி, தண்ணி போற ஓட்டையை அடைக்கும். அடுத்த மழைக்கு தண்ணி ஏசி ஃபில்டர் வழியா கால் மிதியடிக்கு வரும். மாசம் ஒருக்கா கையால அள்ளிட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. முன் சக்கரத்துக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ஒழுகுதான்னு பாருங்க. ஒரு பக்கம் ஒழுகலைன்னா அந்தப் பக்க ஓட்டைக்கு பிளாஸ்டிக் ட்யூப் விட்டு மெல்லத் துழாவுங்க, கம்பி வேண்டாம்.